உனக்கு என்ன தோணுது?

என் மனைவியிடம் யாரும் யோசனை கேட்கக் கூடாது. கேட்டால் யோசனை வராது, கேள்விதான் வரும். ஜன்னலுக்குப் பச்சைத் திரை வாங்கலாமா, பழுப்புத் திரை வாங்கலாமா என்று ஒரு நாள் கடையில் நின்று கேட்டேன். உங்களுக்கு எது பிடித்திருக்கிறது என்றாள். பச்சை என்றேன். பச்சைதான் பிடித்திருக்கிறது, ஆனால் ஏதோ தயக்கம் இருக்கிறது போல என்றாள். தயக்கமும் இல்லை, மண்ணும் இல்லை, கால் வலிக்கிறது என்றேன். அதற்கும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றாள். கடைக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

அது அவள் தொழில், என்ன செய்வது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சமூகப் பணியாளராக இருக்கிறாள். இப்படிச் சொன்னதும் பாதிப் பேர், அது சேவைதானே, சம்பளம் உண்டா என்று கேட்பார்கள். உண்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் தெரியும் என்பேன். அவள் என்னை முறைப்பாள். மூன்றாம் மாடியில், துவைத்த படுக்கை விரிப்புகளை அடுக்கும் அறைக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறை அவளுடையது. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. மெத்தை வைத்த நாற்காலியை எதிர்ப்பக்கம் போட்டுவிட்டு, கால் ஆடுகிற நாற்காலியில் அவள் உட்கார்ந்துகொள்வாள். ஆபரேஷனுக்குப் பணம் இல்லாதவர்கள், நோயாளியை விட்டுவிட்டு உறவெல்லாம் கழன்றுகொண்ட பிறகு தனியாக மாட்டிக்கொண்டவர்கள், டாக்டர் சொன்னது தலையில் ஏறாமல் அப்படியே நடந்து வந்தவர்கள், எல்லோரும் அந்த மெத்தை நாற்காலியில்தான் உட்காருவார்கள்.

எனக்கு அந்த அறை தெரியும். நான் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணத்துக்கு முன்னால் அந்த ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்க்க நான்தான் போவேன். ஒரு முறை கதவு மூடாமல் மக்கர் பண்ணியபோது, மேனேஜர் பத்துப் பேர் முன்னால் என்னைக் கண்டபடி பேசிவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கையில் ஸ்பேனரோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் வந்தவள் ஒரு படி தள்ளி உட்கார்ந்து, “உங்களுக்கு ரொம்பக் கோபம் வருது,” என்றாள். ஆமாம் வருகிறது என்றேன். “எல்லார் முன்னாடியும் பேசினதுதான் வலிக்குது,” என்றாள். அதன் பிறகு நான் பேசினேன், பேசினேன், என் அப்பா வரைக்கும் போய்விட்டேன். அவள் மொத்தத்தில் நாலு வார்த்தை சொல்லியிருந்தால் அதிகம். அந்த நாலும் என்னுடைய வார்த்தைகள்தான் என்பது கல்யாணம் ஆன பிறகுதான் எனக்கு உறைத்தது.

சமூகப் பணிப் படிப்பில் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறார்களாம். வந்தவருக்காக நீ முடிவெடுக்காதே. அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொல். தன் வாயில் வந்தது தன் காதில் விழுந்தால் மனிதன் மேற்கொண்டு யோசிப்பான். ஆஸ்பத்திரியில் இது நடக்கத்தான் செய்கிறது. பாதி வைத்தியத்தில் தாயை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவேன் என்று ஒற்றைக் காலில் நின்ற ஒருவரிடம், வீட்டுக்குப் போய்விட்டால் அம்மாவுக்கு வலி இருக்காது என்று நினைக்கிறீர்கள் என்று மட்டும் சொன்னாளாம். அவர் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இல்லை, வலி இருக்கும், நான் வேலைக்குப் போய்விட்டால் அதைப் பார்க்க வேண்டியிருக்காது என்றாராம். அந்த அம்மா ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள்.

இந்தப் படிப்பை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவர் அவளுடைய அண்ணன். என் மச்சான். அப்பா போனதும் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு யாருடைய வண்டியையோ ஓட்டப் போனார். அந்தக் கூலியில்தான் தங்கை கல்லூரி முடித்தாள், மேலே இரண்டு வருஷம் சமூகப் பணியும் படித்தாள். அவள் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று அவர் அவளுக்கு ‘ஆபீசர்’ என்று பெயர் வைத்தார். அன்றிலிருந்து சொந்தப் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டதே கிடையாது. லோடு இறக்குகிற கடைகளில் எல்லாம், என் தங்கச்சி பெரிய ஆஸ்பத்திரியில் ஆபீசர் என்று சொல்லி வைத்திருக்கிறார். வெகுகாலம் கழித்துத் தனக்கென்று ஒரு சின்ன சரக்கு வேன் வாங்கினார். குடும்பம் அதில்தான் ஓடுகிறது.

ஆபீசருடைய சம்பளம் என்ன என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆபீசரும் சொன்னதில்லை. பில் போடுகிற கவுண்டரில் போன மாதம் சேர்ந்தவர் அவளைவிட அதிகம் வாங்குகிறார். நான் வாங்குவதில் பாதிகூட அவளுக்கு வராது. நான் படித்ததோ ஐ.டி.ஐ. அவள் வேலை நிரந்தரமும் இல்லை, வருஷா வருஷம் காண்ட்ராக்டைப் புதுப்பிக்க வேண்டும். அந்த மாதம் முழுக்க இவள் தூக்கத்தில் பல்லைக் கடிப்பாள்.

இதில் இன்னொன்று. மச்சானின் வேனுக்கு வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டுவது இவள்தான். தன் மூக்குக் கண்ணாடியை மாற்ற வேண்டியதை இரண்டு வருஷம் தள்ளிப்போட்டுவிட்டு அதைக் கட்டினாள். நான் கொஞ்சம் போடுகிறேன் என்று ஒரு தடவை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். அண்ணன் கொடுத்ததற்குத் தன் கையால் திருப்பிக் கொடுப்பது அது ஒன்றுதான் என்று அவளுக்கு நினைப்பு. மச்சானோ, ஆபீசர் சம்பளத்தில் இதெல்லாம் ஒரு காசா என்று சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மச்சானின் மகள், அத்தை மாதிரியே நானும் சமூகப் பணி படிக்கப்போகிறேன் என்று நின்றாள். கெட்டிக்காரப் பெண். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரி ஒன்று இரண்டு கையையும் நீட்டி வரவேற்றது. அவர்கள் கொடுத்த பளபளப்பான புத்தகத்தைப் பார்த்தேன். அட்டையில் ஒரு பெண் ஒரு குழந்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். கட்டணம் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. விடுதிக்குத் தனி. வாரத்தில் பாதி நாள் ஏதாவது நிறுவனத்தில் களப்பணி செய்ய வேண்டும், அதற்குச் சம்பளம் கிடையாது, பஸ் காசும் கிடையாது. படித்தபடி வேறு வேலை பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

எனக்கு வாய் சும்மா இருக்காது. கணக்குப் போட்டேன். படிப்பை முடித்து, உடனே வேலை கிடைத்து, அந்தப் பெண் சாப்பிடாமல், பஸ் ஏறாமல், காய்ச்சல் வராமல் இருந்தால் கட்டின பணத்தை எடுக்க ஆறு வருஷம் ஆகும். மனிதப் பிறவி என்றால் பதினைந்து. மச்சான் வீட்டின் பேரில் ஏற்கெனவே கடன் இருந்ததால் பேங்க் கையை விரித்துவிட்டது. மிச்சம் இருந்தது வேன்தான். அதை விற்றுவிட்டு மறுபடி அடுத்தவன் வண்டிக்குக் கூலிக்குப் போக அவர் தயார். ஆனால் ஒரு வார்த்தை ஆபீசரைக் கேட்டுவிடலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்தப் படிப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் அவள்தானே.

என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டேன். இவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துண்டையே மறுபடி பிரித்து மடித்தாள்.

“வேண்டாம்னு சொன்னா, எனக்காக அவன் படிப்ப விட்டது வீண்னு நானே சொல்ற மாதிரி. படிக்கட்டும்னு சொன்னா அவன் வண்டி போயிடும். நான் என்னங்க சொல்றது?”

உண்மையைச் சொல் என்றேன். அடுத்தவர் குடும்பத்து உண்மையை எடுத்துச் சொல்ல எனக்கு என்றைக்குமே சுலபம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். சமையலறை மேஜையில் அண்ணனும் தங்கையும் உட்கார்ந்தார்கள். நான் முன்னறையில் ஒரு பழைய மின்விசிறியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு காதை அங்கே வைத்திருந்தேன். வண்டியை விற்றுவிடலாம் என்று பார்க்கிறேன், நீ என்ன சொல்கிறாய் ஆபீசர் என்று அவர் கேட்டார். வரப்போவது என்ன என்று எனக்குத்தான் தெரியுமே.

“உனக்கு என்ன தோணுது?” என்றாள்.

அவ்வளவுதான், மச்சான் திறந்துகொண்டார். தான் படிக்காததை, மகள் சின்ன வயதில் தெருநாய்க்குக் கட்டுப் போட்டதை, வண்டி ஓட்டும்போது இடுப்பு வலிப்பதை, வண்டி இன்று போகும் நாளை வரும், வயசு வருமா என்பதை எல்லாம் சொன்னார். இவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருகட்டத்தில் அவர் குரல் உடைந்தது. அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள்.

“அப்போ, வண்டி போனாலும் பரவாயில்ல, அவ படிக்கணும்.”

மச்சான் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீ குடித்த கிளாஸைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, வரேன் மாப்பிள்ளை என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார். பல மாதமாகக் குனிந்தே நடந்த மனிதர் அன்று நிமிர்ந்து படி இறங்கினார். என்ன ஆயிற்று என்று இவளைக் கேட்டேன். பேசினோம், அண்ணன் இன்னும் யோசிப்பான் என்றாள்.

புதன்கிழமை நான் ஒரு பத்து மாடிக் கட்டடத்தில் லிஃப்டின் தலைமேல் நின்று கயிற்றுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. மச்சான். குரலில் அப்படி ஒரு தெம்பு. வண்டிக்கு அட்வான்ஸ் வாங்கியாச்சு மாப்பிள்ளை, நாளைக் காலையில் வந்து ஓட்டிக்கொண்டு போகிறார்கள் என்றார். என்ன மச்சான் இவ்வளவு அவசரம் என்றேன்.

“ஆபீசரே சொல்லிட்டா மாப்பிள்ளை, வண்டி போனாலும் பரவாயில்ல, அவ படிக்கணும்னு. அப்புறம் நான் எதுக்கு யோசிக்கணும்?”

என் கையில் இருந்த எண்ணெய் டப்பா நழுவி, இடைவெளியில் விழுந்து, கீழே போய் மோதுகிற சத்தம் கேட்டது. அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. வேலையை உதவியாளிடம் ஒப்படைத்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு கிழவர் அறையைவிட்டு வெளியே வரும்வரை நின்று, உள்ளே போய், கதவை முடிந்தவரை சாத்தினேன். அந்தக் கதவு என்றைக்கும் முழுதாகச் சாத்தாது.

விஷயத்தைச் சொன்னதும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றாள். சொன்னாய், என் காதால் கேட்டேன் என்றேன். அது அண்ணன் சொன்னது, நான் திருப்பித்தான் சொன்னேன் என்றாள். எனக்கு வந்ததே ஆத்திரம்.

“திருப்பிச் சொல்றதுக்கு அவர் என்ன உன் பேஷண்டா? உன் அண்ணன். நீ வாயத் தொறந்தா அவருக்கு அது தீர்ப்பு. அவர் மேற்கொண்டு யோசிக்கறதுக்கா உன்கிட்ட வந்தாரு? நீ யோசிச்சு வெச்சிருப்பேன்னு நம்பி வந்தாரு.”

கத்திவிட்டேன் போல. பக்கத்து அறையில் விரிப்பு மடிக்கிற பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். என் மனைவி மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆடுகிற நாற்காலி ஆடவில்லை.

“எனக்குத் தெரியும்ங்க,” என்றாள் கடைசியில். “பதில் சொல்லப் பயந்துதான் கேள்வி கேட்டேன். ஆஸ்பத்திரில கேக்கறது வேற. இது வேற. கேக்கும்போதே எனக்குத் தெரியும்.”

அன்று சாயங்காலமே மச்சான் வீட்டுக்குப் போனோம். வேனைக் கழுவி வாசலில் நிறுத்தியிருந்தார். அவருடைய சாமான்களை எல்லாம் வண்டியிலிருந்து எடுத்துப் படியில் வைத்திருந்தார். இடுப்புக்கு வைக்கும் திண்டு, கயிறு, தார்ப்பாய், நெளிந்துபோன தண்ணீர் பாட்டில். வண்டிக்குள் ஓர் ஆள் இத்தனை வருஷம் இருந்த அடையாளம் அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் இவள் நடை தளர்ந்தது. வா ஆபீசர் என்று மச்சான் வாயெல்லாம் பல்லாக வந்தார். உள்ளே மகள் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். மச்சானின் மனைவி, இவளுடைய அண்ணி, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

இவள் உட்காரவில்லை.

“அண்ணா, வண்டிய விக்காத.”

மச்சான் சிரித்தார். நீதானே சொன்னாய் என்றார். நான் சொல்லவில்லை, நீ சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன், அது என் வேலைப் பழக்கம், அதை உன்னிடம் செய்திருக்கக் கூடாது என்றாள். அவருக்குப் புரியவில்லை. புரிகிற விஷயமா அது? சரி, இப்போது ஏன் வேண்டாம் என்கிறாய் என்று கேட்டார். இவள் மென்று விழுங்கினாள். பிறகு தன் சம்பளத்தைச் சொன்னாள்.

“வாரத்துக்கா?” என்றார் மச்சான்.

“மாசத்துக்கு.”

அண்ணி குழாயை மூடினாள். மகள் கையில் ஒரு துணியோடு அறை வாசலில் வந்து நின்றாள். மச்சான் என்னைப் பார்த்தார், நான் சிரித்தால் தானும் சிரித்துவிடலாம் என்பது போல. நான் சுவரைப் பார்த்தேன். இவள் விடாமல் மற்றதையும் சொன்னாள். வருஷா வருஷம் காண்ட்ராக்ட், மேலே போக வழி இல்லாதது, கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டது, எல்லாவற்றையும். பதில் சொல்லத் தெரியாத வாய் என்று நினைத்திருந்தேன். ஒரே மூச்சில் சொன்னாள்.

மச்சான் படியில் போய், திண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“அப்போ, நான் உன்னப் படிக்க வெச்சது வீண்னு உனக்குத் தோணுது,” என்றார்.

அவருக்கு அந்த வித்தை எல்லாம் தெரியாது. மனதில் வந்ததைக் கேட்டார், அவ்வளவுதான். ஆனால் அவளுடைய ஆயுதத்தையே அவள்மேல் திருப்பியது போல ஆயிற்று. யாராவது அப்படித் திருப்பிச் சொன்னால் எதிரில் இருப்பவருக்கு உள்ளே என்ன ஆகும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“வீண் இல்ல அண்ணா,” என்றாள். “காலைல எந்திரிச்சா அந்த ரூமுக்குப் போகணும்னுதான் இன்னிக்கும் எனக்கு இருக்கு. வேற எந்த வேலையும் எனக்குப் பிடிக்காது. ஆனா அதுக்கு நீ குடுத்தது ரொம்ப அதிகம். இத்தன வருஷத்துல அத நான் திருப்பி எடுக்கல. இவளாலயும் எடுக்க முடியாது. ரெண்டாவது தடவ உன்னக் குடுக்க விடமாட்டேன்.”

“நீ நல்லா இருக்கேன்னு நெனச்சுத்தாம்மா நான் ஓட்டிக்கிட்டு இருந்தேன்,” என்றார் மச்சான்.

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பாள். இதற்கு அழுதுவிட்டாள். மச்சான் தேற்றவில்லை, அவர் எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று நிமிர்ந்து, அப்படியானால் வண்டி இன்சூரன்ஸை எதில் கட்டினாய் என்று கேட்டார். இவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

மகள்தான் பேசினாள். அவளுக்கும் என்னைப் போலக் கோபம் சட்டென்று வரும்.

“நீங்க மட்டும் படிச்சீங்க அத்தை. நான் கூடாதா?”

கேள்வியில் தப்பே இல்லை. எனக்கே அவள் பக்கம் பேச வேண்டும் போல இருந்தது. இவள் அவளிடம் நல்ல வார்த்தை எதுவும் சொல்லிப் பூசி மெழுகவில்லை. படி, ஆனால் அப்பாவுடைய வண்டியில் வேண்டாம், ஒரு வருஷம் வேலை பார், அடுத்த வருஷம் அரசுக் கல்லூரிக்கு மறுபடி எழுது என்றாள். அதிலும் இடம் கிடைக்காவிட்டால் என்று கேட்டாள் பெண். கிடைக்காமலும் போகலாம் என்றாள் இவள். அந்தப் பெண் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வீட்டுக் கதவு நன்றாகவே சாத்தும்.

வண்டி விற்காமல் தப்பியது. வாங்க வந்தவர் சும்மா போகவில்லை. அட்வான்ஸோடு கூடக் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டுதான் போனார். பெண் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில், வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்கும் வேலையில் சேர்ந்தாள். அத்தைக்கு ஒரு போன் கிடையாது, ஒரு மெசேஜ் கிடையாது. இவள் தினமும் போனை எடுத்துப் பார்ப்பாள், வைப்பாள். நல்லதைத்தானே சொன்னாய் என்பேன். நல்லதுதான், ஆனால் அந்தப் பெண் என்னைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டாள், அந்த ஆசையை நானே கிள்ளிப் போட்டேன் என்பாள்.

மச்சான் மாறிப்போனதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால்கூடத் தேவலை. அடிக்கடி பேசினார். ஆபீசர் என்று மட்டும் கூப்பிடவில்லை. சாப்பிட்டாயா அம்மா, உடம்பு எப்படி இருக்கிறது அம்மா என்று, காய்ச்சல்காரியிடம் பேசுவது போல ஒரு குரல். அந்தப் பக்கம் லோடு வரும்போதெல்லாம் எங்கள் வாசலில் எண்ணெய் டின், மளிகைப் பை, சோப்பு என்று எதையாவது வைத்துவிட்டுப் போனார். எனக்கு ரத்தம் கொதித்தது. நான் ஒருத்தன் கல்லுக்குண்டு மாதிரி இருந்து சம்பாதிக்கிறேன், என் வீட்டில் என்ன பஞ்சமா? நேரே போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டினேன். இவள் விடவில்லை.

“அண்ணன் என்னைய அந்த மெத்தை நாற்காலில உக்கார வெச்சுட்டான்ங்க,” என்றாள்.

நான் சட்டையைக் கழற்றிவிட்டேன். எத்தனை பேரை அந்த நாற்காலியில் பார்த்திருக்கிறாள். அன்பாகத்தான் பார்த்திருப்பாள். ஆனாலும் மேஜைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் என்பது மாறாது. அண்ணன் இப்போது தன்னை அந்தப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறான் என்பதுதான் அவளைத் தின்றது. ஆபீசர் என்ற பட்டம் பொய்தான். ஆனால் அந்தப் பொய்யில் அண்ணனும் தங்கையும் சமமாக நின்றார்கள்.

அந்த வருஷமும் காண்ட்ராக்டைப் புதுப்பித்தார்கள், ஒரு பைசா ஏற்றாமல். அதே வாரம் பெண்ணிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. ரிப்போர்ட் வாங்க வந்த ஒருவர் கவுண்டர் முன்னாலேயே அழுதாராம். என்ன சொல்வதென்று தெரியவில்லை, அதனால் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான் செய்தேன் அத்தை என்று எழுதியிருந்தாள். இவள் அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். சரியாகத்தான் செய்தாய் என்று பதில் அனுப்பினாள். அதற்குப் பிறகு பெண் ஒன்றும் எழுதவில்லை. அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறாள் என்று அண்ணி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கிடைக்குமோ கிடைக்காதோ.

பிறகு இன்சூரன்ஸ் கட்டுகிற மாதம் வந்தது. இவள் வழக்கம் போல ஆறு மாதமாகச் சேர்த்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருந்தாள். பணத்தை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் அந்தக் காய்ச்சல் குரலில், அதை நான் போன வாரமே கட்டிவிட்டேன், இனிமேல் நீ அதற்கெல்லாம் சிரமப்பட வேண்டாம் அம்மா என்றார். இவள் சரி என்று வைத்துவிட்டாள். வைத்துவிட்டு அந்தப் பணத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளை நான் அப்படிப் பார்த்ததில்லை. காண்ட்ராக்ட் மாதத்தில்கூட இல்லை. கண்ணாடி மாற்றிக்கொள்ளேன் என்று ஏதோ உளறினேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. போனை எடுத்து மறுபடி அடித்தாள். இந்தத் தடவை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள்.

“அண்ணா, வண்டில பின்னாடி டயர் ரெண்டும் தேஞ்சு போயிருக்கு. அன்னிக்கே பாத்தேன். நாளைக்குக் கடைக்கு வா. நான்தான் வாங்கித் தரப்போறேன்.”

மச்சான் இழுத்தார். அதெல்லாம் இன்னும் ஒரு வருஷம் ஓடும், உனக்கு எதற்கு அம்மா இந்தச் செலவு, நான் என்ன நினைக்கிறேன் என்றால் என்று ஆரம்பித்தார்.

“நீ என்ன நினைக்கறேன்னு நான் கேக்கல,” என்றாள்.

தெருவில் போகிற ஏதோ வண்டியின் ஹார்ன் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. பிறகு மச்சான் தொண்டையைக் கனைத்தார்.

“எத்தன மணிக்கு வரணும், ஆபீசர்?” என்றார்.